ரசம் ஒட்டாத வேட்டி

கணினிக்குள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கீழே போட்டுப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "சொரசொரப்பான பரப்பு மேல ஒரு துளி மோதினா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாக்கறேன்" என்றால், கேட்டவர்கள் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, "சரி, கல்யாணம் எப்போ?" என்பார்கள். கடைசியில் அம்மாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். யார் கேட்டாலும், "கம்ப்யூட்டர்ல தண்ணி சொட்ட உடறா" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாள். அதைக் கேட்டு, ராசிபுரத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் தன் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் ஒழுகுகிற குழாயைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். நானும் போய்ப் பார்த்தேன். வாஷர் தேய்ந்திருந்தது.

வேலை பார்ப்பது புதுச்சத்திரம் பக்கம், நெடுஞ்சாலை ஓரத்து இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் ஆய்வகத்தில் சொட்டோடு உட்கார்ந்திருப்பேன். பாசிப்பயறு அளவுக்கு ஒரு துளி. அதற்குக் கீழே, முடியைவிட மெல்லிய ஊசிகளை வரிசையாக நட்டு வைத்த மாதிரி ஒரு தரை. துளி விழும், தோசை மாதிரி விரியும், விளிம்பு தடிக்கும், பிறகு நான்கு பக்கத்திலிருந்தும் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு எழுந்து, துள்ளி மேலே போகும். நிஜத்தில் இத்தனையும் ஒருவர் கண்ணைச் சிமிட்டுவதற்குள் நடந்து முடிந்துவிடும். எங்கள் ஆய்வகக் கணினி அதைக் கணக்குப் போட்டு முடிக்க நாள்கணக்கில் ஆகும். துளி பாதி விரிந்திருக்கும்போது கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கீச்சென்று கத்தி ஓய்ந்துவிட்டால், எனக்குப் பசியே எடுக்காது.

அப்படி ஒரு துளி ஒழுங்காகத் துள்ளி முடித்த வாரத்தில்தான் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுகிறார்; அவர் தறிகளில் எப்போதும் வெள்ளை வேட்டிதான் ஓடும். மகளுக்கு வரன் முடிவாகியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று அக்காவிடம் கேட்க வந்தவர், நான் மடிக்கணினியில் ஓடவிட்டிருந்த வீடியோவை நின்று பார்த்தார்.

"இதென்னது சாமி, ரப்பர் பந்தா?"

"தண்ணிங்க மாமா."

"தண்ணி எங்காச்சும் துள்ளுமா?"

"சேப்பங்கிழங்கு இலையில சொட்டு உட்டுப் பாருங்க. துள்ளும். இலை மேல கண்ணுக்குத் தெரியாம முள்ளு முள்ளா இருக்கும். சொட்டு அந்த முள்ளு மேலயே உக்காந்துக்கும், எறங்கவே எறங்காது. அதனால இலை நனையறதில்ல."

"மறுக்கா ஓட்டு."

ஓட்டினேன். மறுபடியும் ஓட்டச் சொன்னார். அம்மா கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் வம்சத்தில் என் ஆராய்ச்சியை ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் பார்ப்பது அதுதான் முதல் முறை. மாமா மெதுவாகக் குனிந்து தன் தொடையைப் பார்த்தார். வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை.

"இதைய வேட்டியில பண்ண முடியுமா?"

மாமாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி ஆச்சரியமாக இருந்திருக்காது. பந்தியில் உட்கார்ந்தால் அவர் கறையில்லாமல் எழுந்ததில்லை. சாப்பாட்டின் மேல் உள்ள பிரியத்தில் பாதி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற பிரியத்தில் பாதி; இரண்டுக்கும் நடுவில் சாப்பாடு கீழே விழுந்துவிடும். அவருடைய வேட்டிகளைக் கொடியில் காயப்போடும்போது அத்தை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது எங்கண்ணன் ஊட்டுக் கிரகப்பிரவேசம். இது கோமாரபாளையத்துக் காதுகுத்து. இந்தச் செவப்பு எங்க பட்டதுன்னுதான் எனக்கே நெனப்பு வரல" என்று சொல்வாள்.

"வெள்ளை வேட்டி நெய்யறவன் கறையோட போய் நின்னா, எவன் சாமி என்ற வேட்டிய வாங்குவான்?" என்றார் மாமா.

"குனிஞ்சு சாப்பிடு தம்பி" என்றாள் அம்மா.

அது அவர் காதில் விழவில்லை. அவருடைய உண்மையான கவலை வேறு. வரப்போகும் சம்பந்தி சாதாரண ஆள் இல்லை. எங்கள் சனத்திலேயே தறியை விட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலுக்குப் போன குடும்பம். சேந்தமங்கலத்தில் பெரிய வீடு. அவருடைய வண்டிகள் எந்தெந்த மாநிலத்திலோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தன. மனிதர் அளந்துதான் பேசுவார். பெண் பார்க்க வந்த அன்று மொத்தமாக அவர் பேசியது "சரிங்க", "ஆகட்டுங்க", "தண்ணி குடுங்க", அவ்வளவுதான். சிரித்தால் டீசல் செலவாகிவிடும் என்பது போல முகத்தை வைத்திருந்தார். நிச்சயதார்த்த விருந்தில் சம்பந்திகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த மனிதருக்குப் பக்கத்தில், மடியில் மஞ்சளோடு உட்கார்ந்திருப்பதை மாமா கனவிலேயே கண்டுவிட்டாராம்.

"சாம்பார் கஷ்டம் மாமா. தாளிச்ச எண்ணெய் இருக்கும். தண்ணி ஒட்டாத துணியிலயும் எண்ணெய் ஒட்டும்."

"ரசம்?"

யோசித்தேன். ரசம் கிட்டத்தட்டத் தண்ணீர்தான். அந்த யோசனையை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

*

மறுநாளே ஒரு பையில் நாலைந்து துணித் துண்டுகளைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டார். ஆய்வகத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது எனக்கே ஆசை வந்துவிட்டது. என் ஊசித் தரையெல்லாம் அளவெடுத்து நட்டது. ஒவ்வொன்றும் இன்னொன்றைப் போலவே இருக்கும். வேட்டியோ, கிட்டத்தில் பார்த்தால் மழை பெய்து ஓய்ந்த வரப்பு மாதிரி இருந்தது. மேலே ஏறும் பாவு நூல், அதன் கீழே நுழையும் ஊடை நூல், இரண்டுக்கும் நடுவில் பள்ளம், எங்கே பார்த்தாலும் பிசிறு. ஒரு நூல் மாதிரி இன்னொரு நூல் இல்லை. அதை அப்படியே கணினிக்குள் வரைந்து, மேலே மெழுகு மாதிரி தண்ணீரைத் தள்ளும் பூச்சு ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, துளியைப் போட்டேன்.

மாமா தினமும் காலையில் தறியைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தின் நடுவிலேயே போன் செய்வார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை விசாரிக்கிற குரல்.

"சொட்டு எப்படி இருக்குது சாமி?"

"விழுந்துட்டுதுங்க மாமா. விரிஞ்சிட்டு இருக்குது."

"நேத்தும் விரியுதுன்னுதான சொன்ன?"

"நேத்து பாதி விரிஞ்சுது. இன்னைக்கு முக்காவாசி."

போனைக் கையால் பொத்திக்கொள்ளாமலே அத்தையிடம் சொல்வது எனக்குக் கேட்கும். "இன்னும் விரியுதாம்."

அத்தையின் பதிலும் கேட்கும். "அதுக்குள்ள புள்ளைக்குச் சீமந்தமே வந்துரும்."

நெசவு தளர்வாக இருந்த துணியில் துளி எழவில்லை. அதன் அடிப்பாகம் இரண்டு நூலுக்கு நடுவே சேற்றில் மாட்டிய சக்கரம் மாதிரிச் சிக்கிக்கொண்டது. மேல்பாகம் மட்டும் எழும்பி, எழும்பி, களைத்து உட்கார்ந்தது. நெருக்கிய நெசவில் மறுபடி போட்டேன். நடுவில் ஒரு நாள் மழை பெய்து, கரண்ட் போய், முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசியாக ஒரு மத்தியானம் துளி விரிந்து, சுருங்கி, நூல்களை விட்டு மொத்தமாகக் கழன்று மேலே போனது. ஆய்வகத்தில் தனியாக இருந்தேன். கை தட்டினேன்.

மாமாவுக்கு வீடியோவை அனுப்பிவிட்டுப் போனில் விவரமாகச் சொன்னேன். "மாமா, இது ஒரே ஒரு சொட்டுக்குத்தான். சூடில்லாத தண்ணி. துணியைத் தரை மாதிரி விரிச்சு வெச்சிருக்கேன். நேரா விழுது. ரசம் இப்படியெல்லாம் விழாது."

"துள்ளுதா, இல்லையா?"

"துள்ளுதுங்க."

"அதுக்கு மேல என்ன?"

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ உறவினர்கள் குழு முழுவதும் சுற்றி வந்துவிட்டது. கும்பிட்ட கைகளும் ரோஜாப்பூக்களுமாகக் குவிந்தன. ஒரு சித்தப்பா "ஓம் நமசிவாய" என்று போட்டிருந்தார். சொட்டை லிங்கம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

மாமா ஒரு தறியில் நெசவை நெருக்கி, வேட்டி நெய்து, தெரிந்த ஒரு சாயப்பட்டறையில் நான் கணக்கில் வைத்திருந்த மாதிரியே ஒரு பூச்சைப் போட்டு வாங்கிவிட்டார். எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெண்ணந்தூருக்குப் போனபோது, வாசலில் அதைக் கட்டிக்கொண்டு நின்றார். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம் வந்தது. அத்தை ஒரு சொம்பு தண்ணீரோடு எதிரே நின்றாள்.

"ஊத்து" என்றார்.

அத்தை ஊற்றினாள். எத்தனையோ வருடத்து மனக்குறையைத் தீர்த்துக்கொள்வது போல, கொஞ்சம் வேகமாகவே ஊற்றினாள் என்று எனக்குப் பட்டது. தண்ணீர் வேட்டியில் பட்டு, முத்து முத்தாகப் பிரிந்து, உருண்டு, கால் மேல் விழுந்து ஓடியது. துணி சருகு மாதிரி உலர்ந்தே இருந்தது. மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண் கலங்கியிருந்தது. அவர் மகள் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, எங்க மாமனார் முன்னாடி இந்த வித்தையெல்லாம் காட்டிராதீங்க" என்று கெஞ்சினாள்.

"வித்தை என்ன கண்ணு? சயின்ஸு!"

ஒரு குறையை அத்தைதான் கண்டுபிடித்தாள். அன்று மாலை வேட்டியைத் துவைக்க வாளித் தண்ணீரில் போட்டிருக்கிறாள். அது மூழ்க மறுத்து மிதந்தது. கையால் அமுக்கினாள், ஓரத்தில் குபுக்கென்று காற்றுக் குமிழோடு மேலே வந்தது. சோப்பு நுரை அதன் மேல் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. கடைசியில் அம்மிக்குழவியை மேலே வைத்திருக்கிறாள். குழவி மூழ்கியது. அதன் அடியில் வேட்டி உலர்ந்தபடி கிடந்தது. எனக்குப் போன் வந்தது.

"ஏங்கண்ணு, இது நனையவே மாட்டீங்குது. நனையாத துணிய எப்படித் தொவைக்கறது?"

"அழுக்கே ஆகாதுங்க அத்தை."

"மேல ஆகாது. உள்பக்கம் அந்த மனுசன் இருக்காரில்ல?"



*

நிச்சயதார்த்தம் சேந்தமங்கலத்தில், தலைக்கு மேலேயே கொல்லிமலை நிற்கிற மாதிரித் தெரியும் ஒரு கல்யாண மண்டபத்தில். வெற்றிலை மாற்றி, புடவை கொடுத்து, எல்லாம் சுமுகமாக முடிந்தது. மாமா நடக்கும்போது கேட்ட மொறுமொறுப்பை நாதஸ்வரம் மறைத்துவிட்டது. விருந்துக்குப் போகும்போது அவர் என் கையைப் பிடித்து, "நீ என்ற பக்கத்துலயே உக்காரு" என்றார். புது மெஷினை இறக்கிய இடத்துக்கு மெக்கானிக்கையும் கூட்டிப் போவது போல.

முதல் பந்தி. நீள மேஜை, மேலே காகிதம், வாழையிலை. வலது பக்கம் சம்பந்தி, நடுவில் மாமா, இடது பக்கம் நான். சம்பந்தி சந்தன நிறத்தில் பட்டுச் சட்டையும் பட்டு வேட்டியுமாக இருந்தார். பெண்கள் பந்தி தனியாக என்று ஏதோ முணுமுணுப்பு கேட்டது. மாமா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டது.

சாம்பார் வந்தது, போனது. ஒரு சொட்டுக்கூட கீழே விழவில்லை. மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. வாழ்நாளிலேயே முதல் முறையாக, ஏதாவது மேலே சிந்த வேண்டும் என்று ஒரு மனிதர் ஏங்கி உட்கார்ந்திருந்த பந்தி அது. உருண்டையைக் கொஞ்சம் தளரப் பிடித்தார். பின்னால் சாய்ந்து சாப்பிட்டார். பக்கத்திலிருந்த சம்பந்தியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"இந்தத் தடவை பருவமழை எப்படிங்க?"

"பெய்யுங்க."

அவ்வளவுதான். பருப்பு நெய்யெல்லாம் ஒழுங்காக வாய்க்குள்ளேயே போயிற்று.

பிறகு ரசம் வந்தது. பரிமாறுகிறவர் வேகமான ஆள். மாமா சோற்றில் குழி பறிப்பதற்குள் ஒரு கரண்டியை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அந்த மேஜை எங்கள் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. ரசம் சோற்றை உடைத்துக்கொண்டு, இலையின் நரம்போடு ஓடிவந்து, மேஜை விளிம்பில் ஒரு கணம் நின்றது. கீழே குதித்தது.

என் ஆராய்ச்சி நிஜ உலகத்தில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். துளிகள் மாமாவின் தொடையில் விழுந்து, விரிந்து, சுருங்கி, துள்ளின. துணியில் ஒரு புள்ளி ஈரம் இல்லை.

"பாத்தீங்களா சம்பந்தி!" என்று மாமா கையை உயர்த்தினார்.

சம்பந்தி பார்த்தார். மாமாவின் தொடையை இல்லை, தன் சட்டையை. சந்தனப் பட்டில், விலாவிலிருந்து முழங்கை வரைக்கும் பொட்டுப் பொட்டாக ரசம்.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். கணினியில் நான் துளியை ஒரு பெட்டிக்குள் போடுவேன். தரை இருக்கும், நான்கு பக்கமும் சுவர் மாதிரி ஓர் எல்லை இருக்கும். துள்ளிய துளி அந்த எல்லையைத் தாண்டினால் கணக்கிலிருந்தே நீங்கிவிடும். அது பிறகு எங்கே போகும், யார் மேல் விழும் என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. எல்லைக்கு வெளியே ஒரு சம்பந்தி உட்கார்ந்திருப்பார் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அதற்குள் அடுத்தது நடந்தது. மாமா உயர்த்திய கையைப் பார்த்த பரிமாறுகிறவர், இன்னும் ரசம் கேட்கிறார் என்று நினைத்துத் திரும்பி வந்து, அன்பாக இரண்டு கரண்டி ஊற்றினார். இந்த முறை விளிம்பில் நிற்கவெல்லாம் இல்லை. அருவி மாதிரி நேராக மாமாவின் மடியில் இறங்கியது.

உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய வேட்டி இரண்டு தொடைக்கும் நடுவே தொட்டில் மாதிரித் தொய்ந்து கிடக்கும். சாதாரண வேட்டியாக இருந்தால் ரசத்தைக் குடித்துவிட்டு, கறையோடு விஷயத்தை முடித்திருக்கும். இது குடிக்காது. மாமாவின் மடியில் ரசம் குளமாகத் தேங்கி நின்றது. நடுவில் ஒரு கொத்தமல்லி இலையும் ஒரு தக்காளித் தோலும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

மாமா என் பக்கம் தலையை மட்டும் திருப்பினார். உடம்பை அசைக்கவில்லை.

"சாமி."

"சொல்லுங்க மாமா."

"சுடுது. ஆனா நனையல."

அந்த நிலைமையிலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்று சத்தியம் செய்வேன்.

"அப்படியே இருங்க. முழங்காலை அகட்டாதீங்க."

"எந்திரிச்சா எங்க போவும்?"

எழுந்தால் முன்னால் கொட்டும். முன்னால் மேஜைக்கடியில் அவருடைய கால் மட்டும் இல்லை. சம்பந்தியின் பட்டு வேட்டி ஓரமும் இருந்தது. வலது பக்கம் சாய்ந்தால் நேராகச் சம்பந்தி. இடது பக்கம் சாய்ந்தால் நான், அம்மாவிடம் கடன் வாங்கிக் கட்டிய பட்டுப் புடவையோடு. முந்தானையை இழுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

மோர் வந்தது. மாமா இரண்டு கையாலும் இலையை மூடினார். பாயசத்தை நான் ஊட்டாத குறையாகக் குடித்தார். பந்தி முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். ஒரு பெரியவர் மாமாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சுங்களா?" என்றார்.

"சித்த இருங்க" என்றார் மாமா.

இலையை எடுத்துப்போனார்கள். காகிதத்தைச் சுருட்டினார்கள். மாமா வெறும் மேஜையின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. மாமா எழாததால் மரியாதைக்குச் சம்பந்தியும் எழவில்லை. அவர் சட்டையில் பொட்டுகள் காய ஆரம்பித்திருந்தன. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சாப்பாட்டில் ஏதோ குறை என்று பெண்ணின் அப்பா எழ மறுக்கிறார் என்று செய்தி வாசல் வரைக்கும் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது.

அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் அத்தை ஓடி வந்தாள்.

"ஏனுங்க, என்னாச்சு? எந்திரிங்க, எல்லாரும் பாக்கறாங்க."

மாமா கண்ணால் கீழே காட்டினார். அத்தை எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மடியைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. பக்கத்து மேஜையிலிருந்து ஒரு சில்வர் டம்ளரையும் ஒரு காலிப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, குனிந்து, மொண்டு ஊற்ற ஆரம்பித்தாள்.

"இத்தன வருசமா இந்த மனுசனுக்கு ரசம் ஊத்தியிருக்கேன். மொண்டது இன்னைக்குத்தான்" என்றாள்.

டம்ளர் உள்ளே போகும்போதெல்லாம் மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அப்போது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இழுக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தால், சம்பந்தி. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர்.

"ஆயிரம் அடி போட்டும் தண்ணி பாக்காத பூமியெல்லாம் பாத்திருக்கேனுங்க" என்றார். பேச முடியாமல் நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். "மடியில ஊத்து கண்ட ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

மண்டபமே சிரித்தது. நாற்காலியைப் பிடித்திருந்த பெரியவர் அதை விட்டுவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா முதலில் முழித்தார். பிறகு அவரும் சிரித்தார். சிரித்ததில் மடி அசைந்து, மிச்சமிருந்த ரசம் அத்தை கையிலிருந்த பாத்திரத்தைத் தாண்டி அவளுடைய புடவையில் கொட்டியது.

"உங்க சட்டை..." என்று மாமா சம்பந்தியைப் பார்த்து ஆரம்பித்தார்.

"அட, அது கெடக்குதுங்க. இந்தத் துணிய எங்க வாங்குனீங்க?"

அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் பேசி யாரும் கேட்டதில்லை என்று அவர் வீட்டம்மா பிறகு சொன்னார். மாமா எழுந்து நின்று, உலர்ந்த வேட்டியை இரண்டு கையாலும் உதறிக் காட்டி, "என்ற தறியில நெய்ததுங்க. கணக்கெல்லாம் இவ போட்டது" என்று என்னை முன்னால் தள்ளினார். சம்பந்தி வேட்டி ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். துளி உருண்டதை உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, எங்க ரிக் வண்டிப் பசங்க போர் போட்டு முடிக்கறப்ப தல முதல் கால் வரைக்கும் சேறாத்தான் இருப்பானுங்க. இதுல சட்ட தெச்சா சேறு ஒட்டாதுங்களா?"

"சேறு வேற கணக்குங்க" என்றேன்.

"போட்டுப் பாருங்க" என்றார்.

போட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் மாமாவும் சும்மா இருக்கவில்லை. சட்டையே தைத்து அனுப்பிவிட்டார். வண்டிப் பசங்களில் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். முதல் நாள் காலையில் சேறு நன்றாக வழுக்கி விழுந்ததாம். மத்தியானத்துக்குள் இரும்புக் குழாயைத் தோளில் தூக்கித் தூக்கி, உரசின இடத்திலெல்லாம் பூச்சு போய்விட்டது. சாயங்காலம் அது வெறும் சட்டை, அதுவும் மற்றதைவிடப் புழுக்கமான சட்டை. "போட்டா ஆவி புடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்று அவர் அனுப்பிய குரல் செய்தியை மாமா எனக்கு அனுப்பிவைத்தார். துளி போய் ஒரு தடவை மோதுவதைத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு முழு நாள் உழைப்பு அதன் மேல் மோதுவதைப் போடவில்லை.

சம்பந்திகள் இருவரும் இப்போது தினமும் போனில் பேசுகிறார்கள். அவர் எந்த ஊரில் போர் போட்டாலும், தண்ணீர் வந்ததும் வீடியோ எடுத்து மாமாவுக்கு அனுப்புகிறார். கல்யாணம் தை மாதத்தில் நல்லபடியாக நடந்தது. அதில் இருவரும் பட்டு வேட்டிதான் கட்டினார்கள். சாதாரணமாகக் கறை பட்டார்கள்.

அந்த வேட்டியை மாமா பெட்டியில் பூட்டி வைத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். பங்குனி வெயிலில் ஒருநாள் வெண்ணந்தூருக்குப் போனேன். அத்தை மொட்டைமாடியில் இருந்தாள். வேட்டியை நீளமாக விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தாள். அதன் மேல் கூழ் வடகம்.

"பழைய துணியில ஊத்துனா, காஞ்சதும் பின்னாடி தண்ணி தெளிச்சு ஒண்ணொண்ணா உரிக்கோணும். பாதி கிழிஞ்சு போவும்" என்றாள். "இதுல பாரு."

ஒரு மூலைச் செங்கலை எடுத்துவிட்டு, துணியைத் தூக்கிச் சாய்த்தாள். வடகமெல்லாம் தாமாகக் கழன்று, சடசடவென்று முறத்தில் விழுந்தன. எதுவுமே ஒட்டவில்லை.

வடகங்கள் தட்டையாக இல்லாமல், இலந்தைப்பழம் மாதிரி உருண்டையாக இருந்தன. கூழ் துணியில் பரவாமல் திரண்டு நின்றதால் வந்த வினை. இது ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். துளிக்கும் தரைக்கும் உள்ள கோணத்திலிருந்து ஆரம்பித்து அத்தைக்கு விளக்கினேன். முறத்தைப் புடைத்தபடி பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாஞ் சரி. கொஞ்சம் தட்டையா வர்ற மாதிரி பண்ண முடியுமா? பொரிச்சா நடுவுல வேக மாட்டீங்குது."

"பாக்கறேனுங்க அத்தை" என்றேன். "கூழு எவ்வளவு கெட்டியா காச்சறீங்க?"

கீழே போய் அடுப்படியில் நின்று காட்டினாள். கரண்டியிலிருந்து அது விழுவதை நான் போனில் படம் பிடித்துக்கொண்டேன்.